நோயாளி வேடம் போட நம்மவர்கள் தயாரா?

உடம்பில் ஒரு வியாதியும் இல்லாத ஆள் ஒருவர், டாக்டருக்குப் படிக்கும் மாணவர் முன்னால் வியாதிக்காரராக நடித்துக் காட்டிவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால், நம்மவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா?" என்று கோபித்துக்கொள்வார்கள். ஆனால் பல தேசங்களில் இது ஒழுங்காகச் சம்பளம் வாங்கும் ஒரு வேலை. நம் நாட்டு மருத்துவப் படிப்பிலும் இதற்கு இடம் வந்துவிட்டது. கோலார் தங்கவயல் தமிழர்கள் இந்த வேலையைக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் தமிழிலேயே செய்வோம் என்று கேட்டு வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் வேலை இன்னது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் இதைச் செய்பவருக்கு 'சிமுலேட்டட் பேஷண்ட்' என்று பெயர். எத்தனை மாணவர் வந்தாலும் அளவு பிசகாமல் ஒரே மாதிரி நடிக்கப் பழகியவரை 'ஸ்டாண்டர்டைஸ்டு பேஷண்ட்' என்கிறார்கள். நாம் 'நோயாளி வேடம்' என்று சொல்லிக்கொள்ளலாம். 'போலி நோயாளி' என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்தப் பட்டத்துக்கு உரியவர்கள் வேறே இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

வேடம் போடுகிறவருக்கு ஒரு கதை கொடுப்பார்கள். பெயர், வயது, தொழில், வீட்டில் யார் யார், எந்த இடத்தில் என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, என்ன செய்தால் கூடுகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். தானாகவே சொல்ல வேண்டியது எது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது எது, மரியாதையோடு கேட்டால் மட்டும் வாயைத் திறக்க வேண்டியது எது என்றுகூடப் பிரித்து வைத்திருப்பார்கள். மாணவர் வருவார், விசாரிப்பார், நாடி பிடிப்பார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். ஊசி கிடையாது. ரத்தம் எடுப்பது கிடையாது. மருந்து விழுங்கச் சொல்வதும் கிடையாது. எல்லாம் முடிந்தபின் வேடத்தைக் கலைத்துவிட்டு, "தம்பி, நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். எனக்கு உள்ளதைச் சொல்ல மனம் வரவில்லை" என்று அந்த மாணவரிடமே சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும், வேலையில் பாதி அதுதான். உண்மையான நோயாளி எந்தக் காலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்து இப்படிப் பேசியிருக்கிறான்?

இதைத் தொடங்கி வைத்தவர் ஹோவர்டு பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பு வைத்தியர். அவருக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்பது ருசிகரமான விஷயம். அவர் பயிற்சியில் இருந்த காலத்தில், டாக்டர்களின் பரீட்சைக்கு ஓர் உண்மையான நோயாளியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பரீட்சை எழுத வந்த ஒரு டாக்டர் அந்த மனிதரை முரட்டுத்தனமாகக் கையாண்டு நோகடித்துவிட்டார். நோயாளி என்ன செய்தார் தெரியுமா? தன் உடம்பில் இருக்கிற அறிகுறிகளையே மாற்றிக் காட்டிவிட்டார்! ஒரு காலில் காட்ட வேண்டியதை மறு காலில் காட்டினார். அப்புறம் அதைப் பாரோஸிடம் அவரே ஒப்புக்கொண்டார். நோயாளியால் அறிகுறியை மாற்றிக் காட்ட முடியும் என்றால், நோயே இல்லாதவரும் பழகிக் காட்டலாமே என்று பாரோஸ் நினைத்தார்.

1963-ல் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தும் பார்த்தார். ஓவியர்களுக்கு மாடலாக உட்கார்ந்து பிழைத்துவந்த ஒரு பெண்ணுக்கு, கால்கள் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பழக்கினார். மறு வருஷம் ஸ்டீபன் ஆபிரகாம்சன் என்பவரோடு சேர்ந்து அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஹாலிவுட் பக்கத்திலேயே இருக்கிற ஊர் அல்லவா, மருத்துவக் கல்லூரிக்குள் சினிமாக்காரர்கள் புகுந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. கேலி செய்தவர்கள் ஓய்ந்துபோனார்கள், முறை பரவியது. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் என்ற பேராசிரியர், வரிசையாக மேஜைகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் சில நிமிஷம், மணி அடித்ததும் அடுத்த மேஜை என்று ஒரு புதிய பரீட்சையை வகுத்துக் கொடுத்தார். அந்த மேஜைகள் பலவற்றில் இன்று வேடக்காரர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். 1998 முதல், அமெரிக்காவில் பயிற்சிக்குப் போன வெளிநாட்டு டாக்டர்கள் இந்த வேடக்காரர்களிடம் பேசித் தேற வேண்டியிருந்தது. நம் ஊர் டாக்டர்கள் எத்தனையோ பேர் அப்படித் தேறியவர்கள். 2004 முதல் அமெரிக்க மாணவர்களுக்கும் அது கட்டாயமாயிற்று. கொரோனா வந்ததும் 2020-ல் அந்தப் பரீட்சையை நிறுத்தி, 2021 ஜனவரியில் அடியோடு கைவிட்டார்கள். பரீட்சை போனாலும் கல்லூரிகளில் பயிற்சி போகவில்லை.

நம் நாட்டில் 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து புதிய பாடத்திட்டம் வந்தது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்பதும் அதில் ஒரு பாடம். ஒவ்வொரு கல்லூரியிலும் 'ஸ்கில் லேப்' என்ற பயிற்சிக்கூடம் இருந்தாக வேண்டும். 2021-ல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்திலும் இந்த மாதிரிப் பயிற்சி சேர்ந்துவிட்டது. ஆனால் நான் விசாரித்த வரையில், பல இடங்களில் ரப்பர் பொம்மையோடு காரியம் நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் ஒரு மாணவர் நோயாளி, அவர் பக்கத்து மாணவர் டாக்டர். இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள்; கேட்பவருக்கும் பதில் தெரியும், சொல்பவருக்கும் கேள்வி தெரியும். பொம்மையோ வலிக்கிறது என்று சொல்லாது. சொன்னாலும் தமிழில் சொல்லாது.

சாதாரண ஜனங்களால் இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். டில்லியில் செய்து காட்டியிருக்கிறார்கள். 17 பேருக்குக் காசநோய்க்காரர்களாக நடிக்கப் பழக்கி, 75 வைத்தியர்களிடம் 250 தடவை அனுப்பினார்கள். ஆய்வுக்கு வைத்தியர்கள் முன்னதாகவே சம்மதம் கொடுத்திருந்தார்கள். ஆனால் வருகிறவர் யார், எந்த நாளில் வருவார் என்பது அவர்களுக்குத் தெரியாது. 2015-ல் லான்செட் குழுவின் பத்திரிகை ஒன்றில் வெளியான முடிவு இது: 250-ல் 52 தடவைதான் வைத்தியம் முறைப்படி இருந்தது. அதாவது ஐந்தில் ஒன்று. நாள்பட்ட இருமல் என்று வந்தவருக்குச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லாமல் வேறு எதையோ எழுதிக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது பெரிய இயந்திரம் அல்ல, கதையை ஒழுங்காக ஒப்பித்த பதினேழு மனிதர்கள்.

நம் நெஞ்சு, அவர்கள் பாடம்

காசநோய், இருமல் என்று எழுதும்போது தங்கவயல்காரனுக்கு நெஞ்சு கனக்கிறது. இதில் வேடம் இல்லை. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையைத் துளைத்த நம் பெரியவர்கள் தங்கத்தை மேலே அனுப்பினார்கள், கல்தூசியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் வியாதியை, நஷ்ட ஈட்டுக்கு உரிய வியாதி என்று மைசூர் அரசாங்கம் 1940-ல் ஏற்றுக்கொண்டது. அந்த வருஷம் தொடங்கி 1946 வரை டாக்டர் கேப்ளன் முதலியோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த வியாதி இருந்தது. இந்திய வைத்தியர்கள் சிலிகோசிஸைப் பற்றிப் படித்த ஆரம்பப் பாடங்களில் அது ஒன்று. சிலிகோசிஸ் உள்ள நெஞ்சில் காசநோய் சுலபமாகக் குடியேறும் என்பதும் எல்லா டாக்டருக்கும் தெரிந்த சங்கதி.

ஆக, நம் உடம்பை வைத்து வைத்தியம் படிப்பது புதிய விஷயம் அல்ல. பாடமாக இருந்தவர்களை யாராவது கேட்டார்களா, பாடம் முடிந்ததும் நன்றி சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

என் தகப்பனார் 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடும்வரை உள்ளே இறங்கியவர். சில வருஷங்களுக்கு முன் அவரை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். காலையில் எட்டு மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முதுகில் தட்டினார்கள், குழாய் வைத்தார்கள், மூச்சை இழு, விடு என்றார்கள். ஐந்தாவது பையன் வருவதற்குள் அவருக்கு உட்காரச் சக்தியில்லை. நான் தலையணையை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். "ஏன்டா, எல்லாரும் தட்டித் தட்டிப் பாத்தாங்களே, எனக்கு இன்னா வியாதின்னு ஒருத்தரும் சொல்லலியே?" என்று கேட்டார். அந்த மாணவர்கள் கெட்டவர்கள் அல்ல. தட்டிப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர்கள், அதற்குமுன் "ஐயா, பார்க்கலாமா?" என்று கேட்கக் கற்றுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக் காலத்தில் இன்னொரு கூத்து நடக்கும். நல்ல 'கேஸ்' என்று பெயர் வாங்கிய நோயாளிகளை வார்டிலிருந்தும் வீட்டிலிருந்தும் வரவழைத்து மாணவர்கள் முன் படுக்க வைப்பார்கள். வருஷக்கணக்காக வந்து பழகிய சிலர் தங்கள் வியாதியின் இங்கிலீஷ் பெயரைத் தாங்களே சொல்லி, தவிக்கும் மாணவருக்குக் கைகொடுப்பதும் உண்டு என்று டாக்டர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சிரிக்கலாம். ஆனால் மூச்சுத் திணறும் ஒருவரை நாள் முழுதும் பரீட்சைப் பொருளாக வைப்பதைவிட, தெம்பான ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொல்வது நியாயமில்லையா? உண்மை நோயாளியைத் தொடாமலே டாக்டராகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறுகிற முதல் பத்துத் தடவையாவது வேடக்காரரிடம் நடக்கட்டும்.

வலிக்கு எத்தனை பெயர்!

இப்போது தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் உள்ள நம் ஜனங்கள் பெரிய வைத்தியம் என்றால் கோலாருக்குப் போகிறார்கள். அங்கே 1986 முதல் தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இல்லாவிட்டால் பெங்களூர். அதுவும் இல்லாவிட்டால் வேலூர். வேலூருக்குப் போவதற்கு அங்குள்ள வைத்தியத்தின் பெயர் மட்டும் காரணமல்ல. அங்கே வாயைத் திறந்து பேசலாம் என்பதும் ஒரு காரணம்.

கர்நாடகத்தில் படிக்கிற டாக்டர்கள் கன்னடம் கற்க வேண்டும்; அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. புதிய பாடத்திட்டத்தில் முதல் மாதத்திலேயே உள்ளூர் மொழிக்கு நேரம் ஒதுக்கியிருப்பது நல்ல காரியம். நாமும் கன்னடத்தில் வீட்டு வரி கட்டுகிறோம், மார்க்கெட்டில் பேரம் பேசுகிறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும் கிழவிக்கு மார்க்கெட் கன்னடம் உதவாது. வலி வந்தால் தாய்மொழிதான் வரும்.

அந்த மொழியோ லேசுப்பட்டது அல்ல. குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, உளையுது, இழுக்குது, மதமதன்னு இருக்குது, கிர்ருனு சுத்துது, பொருமுது, அடைக்குது என்று ஒவ்வொன்றும் ஒரு தனித் தொந்தரவு. சீட்டில் எல்லாம் 'பெயின்' ஆகிவிடுகிறது. 'உடம்பு சூடு' என்றால் ஜுரம் இல்லை என்பது நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் மேலே 'வாயு' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது ஆளைக் கொல்லக்கூடிய வார்த்தை. ஏப்பம் வந்தாலும் வாயு, முதுகு பிடித்தாலும் வாயு, மாரடைப்பு வந்தாலும் வாயு. "ஒண்ணுமில்ல சார், வாயு புடிச்சிருக்குது" என்று வரும் மனிதரை, வேர்த்ததா, இடது கை கனக்கிறதா, தாடை வரைக்கும் இழுக்கிறதா என்று கேட்கத் தெரிந்த டாக்டர் காப்பாற்றுவார். வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு வயிற்றுக்கு மாத்திரை எழுதுகிறவர் என்ன செய்வார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இந்த ஒரு வார்த்தையைத் தமிழ் பேசும் வேடக்காரர் ஒருவர் வருஷத்துக்கு நூறு மாணவர் காதில் போட்டுவைத்தால், அந்தக் கூலி வீண் போகாது.

டிக்கெட் கவுண்டருக்கு உட்புறம் உட்கார்ந்து எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. கண்ணாடிக்கு வெளியே நிற்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு வேண்டியது அல்ல. "காட்பாடிக்கு எப்ப சார் வண்டி?" என்று கேட்பவருக்கு வேண்டியது காட்பாடி அல்ல, விடிவதற்குள் வேலூர் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட வரிசையில் நிற்க வேண்டும். அதை இன்னொரு கேள்வி கேட்டால்தான் சொல்வார். பின்னால் வரிசை நீண்டிருந்தால் கேட்க மாட்டோம். டிக்கெட் விஷயத்தில் போவது ஒரு ராத்திரி. வைத்தியத்தில் போவது ஆள்.

ஒரு கதை நானே எழுதிப் பார்த்தேன். நம்மவர்கள் இதைவிட நன்றாக எழுதுவார்கள் என்பதால் தைரியமாகத் தருகிறேன். வேடத்தின் பெயர் மாணிக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 62. சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ராத்திரி வாட்ச்மேன். மாரிக்குப்பம் வண்டியில் ஏறிப் போய்வருகிறவர். தானாகச் சொல்வது: "சளிதான் சார், போக மாட்டேங்குது, ஒரு டானிக் எழுதிக் குடுங்க." கேட்டால் சொல்வது: இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. பழைய வேலை என்ன என்று கேட்டால் மட்டும் சொல்வது: பதினெட்டு வருஷம் பாறையில் துளை போட்ட வேலை. மெதுவாக, பக்கத்தில் ஆள் இல்லாதபோது கேட்டால் மட்டும் சொல்வது: ஒருநாள் சளியில் ரத்தம் வந்தது. வீட்டில் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள், டி.பி. என்ற பேச்சு வெளியே போனால் சம்பந்தம் முறிந்துவிடும். லீவு போட்டால் வேலையும் போய்விடும்.

இந்த மாணிக்கத்திடம் "உனக்கு டி.பி. இருக்கிறதா?" என்று வார்டே கேட்கும்படி சத்தமாகக் கேட்கிற மாணவர், "இல்லீங்க" என்ற பதிலோடு போக வேண்டியதுதான். உட்கார்ந்து, "ஐயா, முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று தொடங்குகிறவருக்குக் கதவு திறக்கும். புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தை நடத்தத் தங்கவயலைவிடத் தகுந்த ஊர் எது? கூத்தும் நாடகமும் பார்த்து வளர்ந்த ஜனங்கள் நாம். வசனம் மறக்காத பெரியவர்கள் இன்னும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஆட்சேபணைகள்

வியாதி இருப்பதாக நடித்தால் வியாதி வந்துவிடும் என்று நம் தாய்மார்கள் சொல்வார்கள். கர்ண மோட்சம் கூத்தில் கர்ணன் வேஷம் கட்டுகிறவர் ராத்திரிக்கு ராத்திரி சாகிறார். விடிந்ததும் டீ குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார். இருந்தாலும் அந்தப் பயத்தில் ஓர் உண்மை இல்லாமல் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக ஒரு நாளில் பத்துத் தடவை அழுகிறவருக்கு மனம் கனத்துத்தான் போகும். அதனால்தான் அனுபவமுள்ள இடங்களில் இடையிடையே ஓய்வு கொடுத்து, முடிந்ததும் வேடத்திலிருந்து வெளியே வரப் பேசி அனுப்புகிறார்கள். காசநோயில் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவருக்கு அதே கதையைக் கொடுக்கக் கூடாது. இங்கே அப்படிப்பட்டவரைத் தவிர்த்து ஆள் தேடுவது சுலபமில்லை என்பது வேறு விஷயம்.

இனி அந்தப் போலி நோயாளிகள். இன்ஸ்பெக்ஷன் வருகிற நாளில் கிராமத்து ஜனங்களை வண்டியில் ஏற்றி வந்து, கட்டில்களில் படுக்க வைத்து, ஆஸ்பத்திரி நிரம்பி வழிவதாகக் காட்டுகிற தந்திரம் இந்த நாட்டில் உண்டு. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்துக் கல்லூரி ஒன்றின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. குழந்தைகள் வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள் என்ற ஆய்வுக் குழுவின் அறிக்கையைக் கேட்டு, 'முன்னாபாய்' சினிமா மாதிரி இருக்கிறதே என்றார்கள் நீதிபதிகள். நம் 'வசூல்ராஜா' அதன் தமிழ்ப் பதிப்புத்தான். அதுவும் நோயாளி வேடம், இதுவும் நோயாளி வேடம் என்று யாராவது சொன்னால், ஒரு வித்தியாசத்தைச் சொல்லுங்கள். இங்கே மாணவருக்கும் ஆசிரியருக்கும் எதிரே இருப்பவர் வேடக்காரர் என்று தெரியும். அங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே கூலி. அந்த மாதிரி வேலைக்குத் தரகர் வந்தால் முந்நூறோ ஐந்நூறோ பார்க்காமல் விரட்டிவிட வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலையில்லாத ஊரில் கூலி என்றதும் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கும். மருந்து சோதனைக்கு ஆள் பிடிப்பது வேறு, இது வேறு. ஊசி குத்துவேன், மாத்திரை சாப்பிட வேண்டும் என்றால் அது நோயாளி வேடம் அல்ல, எழுந்து வந்துவிடலாம். என்ன செய்வார்கள், எங்கே தொடுவார்கள் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். பெண்கள் போனால் கூடவே ஒரு பெண் ஆசிரியை இருந்தாக வேண்டும். 'போதும்' என்று எந்த நிமிஷமும் சொல்ல உரிமை வேண்டும். கூலி? பெங்களூரில் ஒரு நாள் வேலைக்குப் போனால் கிடைப்பதற்குக் குறையாமல், போக வர வண்டிச் சத்தமும் சேர்த்து. பழகுகிற நாட்களுக்கும் கூலி உண்டு. ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் 'ரொம்ப தேங்க்ஸ்' என்ற வார்த்தையும் கொடுத்து அனுப்பும் தேங்காய்மூடிக் கச்சேரி வேண்டாம். இலவச சேவை என்று நம்மவர்களே முதலில் பெருந்தன்மை காட்டிவிட்டால், பிறகு யாரும் கூலி கொடுக்க மாட்டார்கள்.

எல்லோராலும் இதற்குப் போக முடியாது. விடியற்காலை வண்டியைப் பிடித்து ராத்திரி திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது ஆகாது. வீட்டில் இருக்கிற பெண்கள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், பழைய சுரங்கத் தொழிலாளிகளில் உடம்பு தெம்பாக உள்ளவர்கள் போகலாம். இதனால் ஊர்ப் பஞ்சம் தீர்ந்துவிடாது. மாதத்தில் நாலைந்து நாள் வேலை கிடைத்தால் பெரிது. ஆனால் அந்த நாலைந்து நாளில் ஒவ்வொருவர் முன்னாலும் இருபது வருங்கால டாக்டர்களும் நர்ஸுகளும் உட்கார்ந்து, தமிழில் ஒரு தொந்தரவைக் கேட்டிருப்பார்கள்.

தமிழ்ச் சங்கங்களும் ஓய்வு பெற்ற தொழிலாளர் சங்கங்களும் கோலார், பெங்களூர்க் கல்லூரி முதல்வர்களுக்கும் நர்சிங் கல்லூரிகளுக்கும் மனு எழுதலாம். மனு கன்னடத்திலேயே இருக்கட்டும். பழக விருப்பமுள்ள பத்துப் பேரின் பெயர், வயது, பேசத் தெரிந்த மொழிகள் அதில் இருந்தால் நல்லது. நம்மவர்களில் மூன்று மொழி தெரியாதவர் குறைவு. கூடவே மாணிக்கத்தைப் போல நாலு கதைகளை எழுதி இணைக்க வேண்டும். ஒன்று வாயுக்காரருடையதாக இருக்கட்டும். ஒன்று பெண்களுக்கு ஆம்பளை டாக்டரிடம் சொல்லக் கூசுகிற தொந்தரவு. அதைப் பெண்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.